விருந்து நேரத்தை எங்களுக்காக மாற்றியவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

பிலிப்பைன்ஸில் இரண்டு ஆண்டு ஊழியத்தை முடித்துவிட்டுக் கோவைக்குத் திரும்பியிருக்கிறேன். அங்கே உதவியவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் இங்கே பார்க்கிறவர்கள் எல்லாரும் "பண்டிகை நாளில் உன்னை யாரப்பா பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேட்கிறீர்கள். அவர்களைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் என் நன்றி முழுமையாகாது.

தெரியாதவர்களுக்காக: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை என்பது எங்கள் சபையின் பெயர். ஊரார் 'மார்மன்' என்பார்கள். பதினெட்டு வயதானதும் ஆண் பிள்ளைகள் இரண்டு ஆண்டு, சம்பளம் இல்லாமல், வீடு வீடாகப் போய்ச் சபையின் போதனையைச் சொல்லும் ஊழியத்துக்குப் போகலாம். எந்த ஊர் என்பதை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. சபை அனுப்புகிற இடத்துக்குப் போகவேண்டும். எனக்குக் கிடைத்தது மணிலாவுக்கு வடக்கே பம்பாங்கா மாகாணம். அதன் தலைநகர் சான் பெர்னாண்டோவில்தான் இரண்டாவது கிறிஸ்துமஸ் வந்தது.

அந்த நாட்டில் செப்டம்பர் பிறந்ததும் கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு தொடங்கிவிடும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடிவதற்கு முன்பே கோயிலில் 'சிம்பாங் கபி' என்ற திருப்பலி. கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். அந்த நாட்களில் வெள்ளைச் சட்டையும் பெயர்ப் பட்டையுமாக இரண்டு பேர் கதவைத் தட்டினால் யாருக்குக் கேட்க நேரம் இருக்கும்? டிசம்பர் மாதம் ஊழியத்துக்கு மோசம், ஊழியக்காரனின் வயிற்றுக்கு மிக நல்லது. "பிரசங்கம் பிறகு, முதலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்" என்பார்கள். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வரவே வராது. நாங்கள் சொல்லப் போனதை ஏற்றுக்கொள்ளாமல் எங்களை மட்டும் ஏற்றுக்கொண்ட அந்த வீடுகளுக்குத்தான் முதல் நன்றி.

கோயில் வாசலில் 'புத்தோ பும்போங்' விற்ற அக்காவுக்கு அடுத்த நன்றி. மூங்கில் குழாயில் வேகும் ஊதா நிறப் பண்டம் அது, நம் குழாய்ப் புட்டுக்குச் சாயம் ஏற்றியதுபோல. மேலே வெண்ணெய், தேங்காய்த் துருவல், சர்க்கரை. நாங்கள் டீயும் காபியும் குடிப்பதில்லை என்று தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கென்று இஞ்சிக் கஷாயம் எடுத்து வைத்தார். ஏன் குடிப்பதில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

சான் பெர்னாண்டோவின் பெருமை இராட்சத விளக்குகள். இருபது அடி உயரத்துக்கு ஆயிரக்கணக்கான பல்புகள். பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறிச் சுழலும். பின்னால் பெரிய இரும்பு உருளைகள் இருக்கும். அவற்றின் மேல் அங்கங்கே காகித நாடா ஒட்டியிருப்பார்கள். உருளையைக் கையால் சுழற்றும்போது, பல்புக் கம்பிகளோடு இணைத்த கொண்டை ஊசிகள் உலோகத்தைத் தொட்டால் விளக்கு எரியும், நாடாவின் மேல் ஏறினால் அணையும். அவ்வளவுதான் சூட்சுமம். இந்த விளக்குகளுக்கான போட்டியோ இரவில் வெகுநேரம் நடக்கும். நாங்கள் ஒன்பது மணிவாக்கில் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். நாடா ஒட்ட உதவப் போயிருந்த எங்களிடம் பட்டறைக்காரர் இதைக் கேட்டறிந்து, ஒரு மாலை ஒத்திகையை முன்னதாக வைத்து எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார். போட்டியைப் பார்க்கவில்லையே என்ற குறை எனக்கு இல்லை.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு எனக்கு டெங்கு வந்தது. என் துணை ஊழியர் அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்து வந்த விவசாய வீட்டுப் பிள்ளை. பனி இல்லாத கிறிஸ்துமஸே அவருக்கு அங்கேதான் பழக்கமானது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். சபையின் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டு வந்தார்கள். வீட்டுக்காரப் பாட்டியை எல்லாரும் லோலா என்போம். அவர் 'தாவா தாவா' என்ற செடியைக் கொதிக்க வைத்துக் கொண்டு வந்தார். இலையைப் பார்த்தால், நம் ஊர் வேலியோரம் முளைக்கும் அம்மான் பச்சரிசி! டாக்டர் தட்டணுக்களை எண்ணிக்கொண்டிருந்தார், லோலா கஷாயம் வைத்துக்கொண்டிருந்தார். பிழைத்தது யாரால் என்று நான் வழக்காடப் போவதில்லை. டாக்டரும் தடுக்கவில்லை, கொஞ்சம் சிரித்தார்.

24ஆம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்குத் திரும்பினேன். அங்கே நள்ளிரவுத் திருப்பலி முடிந்த பிறகுதான் குடும்பமாக உட்கார்ந்து 'நோச்சே புவேனா' விருந்து சாப்பிடுவார்கள். ஆண்டு முழுவதும் அதற்காகக் காசு சேர்க்கிறவர்கள் உண்டு. எங்கள் நேரக் கட்டுப்பாட்டையும் என் உடம்பையும் நினைத்து, லோலாவின் குடும்பம் அன்று மாலை ஆறு மணிக்கே இலையைப் போட்டுவிட்டது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன்கூட மறுப்புச் சொல்லவில்லை. தேங்காய்ப்பாலில் மஞ்சள் சேர்த்துச் சமைத்த 'பிரிங்ஹே' சோற்றை எனக்கு மட்டும் குழைய வடித்திருந்தார்கள். பிறகு அவர்கள் கோயிலுக்குப் போனார்கள், நாங்கள் தூங்கப் போனோம். கத்தோலிக்கக் குடும்பம் மார்மன் பையன்களுக்காகத் தன் விருந்தை மாற்றியதில் பேசுவதற்கு எதுவும் இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. நான் நினைக்கிறேன்.

2019 பிப்ரவரிக்கு முன்பெல்லாம் ஊழியக்காரர்கள் வீட்டோடு பேச முடிந்தது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். இப்போது வாரந்தோறும் பேசலாம். அதனால்தான் அம்மாவிடம் காய்ச்சலை மறைக்க முடியவில்லை. அழாமல் கேட்டுக்கொண்டு, லோலாவைத் திரையில் வரச் சொல்லிக் கும்பிட்டார். அம்மாவுக்கு நன்றி. சொன்னால் திட்டுவார்.

கோவையில் என் பயணச் செலவுக்கு உதவிய சபையாருக்கும், கூலி வாங்காமல் வெள்ளைச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்த தையற்கடை பாய்க்கும் நன்றி. பாய், இரண்டு ஆண்டு வெயிலிலும் மழையிலும் ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

நம் கோவையில் இப்போது ஊழியம் செய்யும் இரண்டு தம்பிகளும் ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். வருகிற 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அவர்களுக்கு எங்கள் வீட்டில் விருந்து. சமையலில் கைகொடுக்க வருகிறவர்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி
கோவை