முதல் ஊசிக்கு முன்னே ஒரு குப்பி சிறுநீர்

மாவட்ட, வட்ட அரசு மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்களுக்கும், செவிலியர்களுக்கும்:

வணக்கம்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு பக்கமாக வலி, வாந்தி என்று ஒரு பெண் வந்து நிற்கிறார். கடைசி விலா எலும்பு முதுகெலும்பைத் தொடும் இடத்தில் லேசாகத் தட்டியதும் துடித்துப்போகிறார். கிட்னியில் இன்ஃபெக்‌ஷன் என்று உங்களுக்குப் புரிந்துவிடும். ட்ரிப்ஸ் ஏறும், செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடுவீர்கள். தாமதிக்கக் கூடாத சிகிச்சை அது. ஆய்வகத்தில் இருக்கும் நாங்கள் கேட்பதெல்லாம் அந்த ஊசிக்கு முந்தைய ஐந்து நிமிடத்தைத்தான்.

பல வார்டுகளில், சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் மறுநாள் ரவுண்ட்ஸில்தான் எழுதப்படுகிறது. அதற்குள் மருந்து உள்ளே போயிருக்கும். முதல் டோஸுக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே சிறுநீரில் கிருமி வளராமல் போய்விடக்கூடும். 'வளர்ச்சி இல்லை' என்று நாங்கள் அனுப்பும் தாள் அப்போது யாருக்கும் உதவாது. காய்ச்சல் இறங்கி, ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றும் நாளில் எந்த மாத்திரை கேட்கும் என்பதை ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். இந்தத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை கிருமியில் மருந்து எதிர்ப்பு இவ்வளவு பரவியிருக்கும் காலத்தில் அந்த ஊகம் நோயாளிக்கு ஆபத்து.

சாம்பிளை எப்படிப் பிடிப்பது என்பதை 'யூரின் பிடிச்சுட்டு வாம்மா' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். கையைக் கழுவச் சொல்லுங்கள். பிறப்புறுப்பின் மடிப்பை விரலால் விலக்கி, முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் துடைத்தால் போதும். டெட்டால் போன்ற கிருமிநாசினி வேண்டாம். அது குப்பியில் விழுந்தால் கிருமி அங்கேயே செத்துவிடும். முதலில் வருவதைக் கொஞ்சம் கீழே விட்டுவிட்டு, தாரையை நிறுத்தாமல் நடுவில் குப்பியை நீட்டி 10 முதல் 20 மில்லி பிடிக்க வேண்டும். கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாய் போட்டவருக்கு அதன் பையிலிருந்து எடுக்கவே கூடாது. குழாயில் அதற்கென உள்ள இடத்தைத் துடைத்து சிரிஞ்சால் எடுங்கள். கதீட்டர் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதென்றால், மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து எடுங்கள்.

அடுத்து நேரம். காலை 8.30-க்குப் பிடித்த குப்பி வார்டு ஜன்னலோரம் காத்திருந்து 11.30-க்கு மற்ற சாம்பிள்களோடு லேபுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தோலிலிருந்து விழுந்த கிருமி மில்லிக்கு 1,000 இருந்து, அரை மணிக்கொரு தடவை இரட்டிப்பானாலும், மூன்று மணி நேரத்தில் 64,000. இன்னும் ஒரு மணி நேரம் போனால் இரண்டரை லட்சம். நம் ஊர் வெயிலில் இது மிகையான கணக்கில்லை. பிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் எங்களிடம் வர வேண்டும். முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரி வரையுள்ள ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். கல்ச்சர் வசதி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் வழியில் கிருமி பெருகாமல் தடுக்கும் போரிக் ஆசிட் குழாய்கள் ஏற்றவை. ஆனால் குழாயில் உள்ள கோடுவரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் போரிக் ஆசிடின் செறிவு கூடி, உண்மையான நோய்க் கிருமியையே வளரவிடாது.

இந்த மடல் எழுத முக்கியக் காரணம் கோரிக்கைப் படிவம்தான். 'யூரின் சி/எஸ்' (கல்ச்சர், எந்த மருந்து கேட்கும் என்ற சென்சிட்டிவிட்டி) என்று மட்டும் எழுதி வருகிறது. சிறுநீரைத் தொட்டெடுக்கும் எங்கள் லூப் என்ற கம்பி வளையம் எடுப்பது 0.001 மில்லி, வளர்ப்புத் தட்டில் ஒரு காலனி, அதாவது ஒரு கிருமிக் கூட்டம், இருந்தால் மில்லிக்கு 1,000 கிருமி என்று கணக்கு. அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் 1950-களில் வகுத்த, மில்லிக்கு ஒரு லட்சம் இருந்தால் தொற்று என்ற எல்லைதான் இன்றும் பலர் கையில் இருக்கிறது. காய்ச்சலும் முதுகுவலியும் உள்ளவரிடம் 10,000, அதாவது தட்டில் பத்தே காலனி, நோய்க்குச் சான்றாகலாம். படிவத்தில் ஒன்றும் எழுதாவிட்டால் அந்தப் பத்துக் காலனியைக் கலப்படம் என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. இன்னொன்று, நைட்ரோஃப்யூரன்டாயின். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நல்ல மருந்து. சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. விவரம் தெரியாமல் அதற்கு நேரே 'சென்சிட்டிவ்' என்று நாங்கள் எழுத, அதை நம்பி நீங்கள் கொடுத்தால், கிருமி சிறுநீரகத்திலேயே தங்கிவிடும். ஆகவே காய்ச்சல் உண்டா, முதுகுவலி உண்டா, கர்ப்பமா, கதீட்டர் உண்டா, ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குப் பிடித்தது என்ற ஆறையும் எழுதுங்கள்.

சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டையை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். கிருமிகள் உண்டாக்கும் நைட்ரைட் அதில் தெரிய, சிறுநீர்ப்பையில் சிறுநீர் சுமார் நான்கு மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும். என்டரோகாக்கஸ் என்ற கிருமி நைட்ரைட்டையே உண்டாக்காது. பட்டைக் குப்பியின் மூடியைத் திறந்தே வைத்தால் ஈரக்காற்றில் பட்டைகள் கெட்டு, பொய் முடிவு காட்டும்.

சிறுநீர் சுத்தமாக இருக்கிறது என்று ஆறுதல்படவும் கூடாத நேரம் ஒன்று உண்டு. கல் அடைத்த சிறுநீரகத்தில் சீழ் கட்டியிருந்தால் அது சிறுநீர்ப்பைக்கு இறங்காது. குப்பியில் வருவது மற்றொரு சிறுநீரகத்தின் சிறுநீர். கல் இருந்த வரலாறு, சர்க்கரை நோய், ஏறும் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததன் அடையாளம்), இறங்கும் ரத்த அழுத்தம் இவற்றில் எது இருந்தாலும் அன்றே அல்ட்ராசவுண்ட் எடுங்கள். மற்றவர்களுக்கு 72 மணி நேரம் கடந்தும் காய்ச்சல் விடாவிட்டால் சி.டி. தேவைப்படும். மோசமாக இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரத்தக் கல்ச்சர் இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குக் குப்பிக்கு 8 முதல் 10 மில்லி.

படிவத்தின் மேலே 'சிறுநீரகத் தொற்றுச் சந்தேகம்' என்று எழுதி அனுப்பினால் கல்ச்சருக்குக் காத்திராமல் கிருமிக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கிராம் ஸ்டெயின் போட்டு, பார்த்ததை வார்டுக்கு உடனே போனில் சொல்கிறோம். சுழற்றாத சிறுநீரில் ஆயில் லென்ஸின் ஒரு பார்வைப் புலத்துக்கு ஒரு கிருமி தெரிந்தாலே மில்லிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். சிவப்புக் கோல்கள் தெரிந்தால் ஈ.கோலை வகை. ஊதா மணிகள் சங்கிலியாகத் தெரிந்தால் என்டரோகாக்கஸாக இருக்கலாம், அதற்குச் செஃப்ட்ரையாக்சோன் அறவே கேட்காது. அடுத்த டோஸ் ஏறுவதற்குள் அது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் பணிபுரியும் நுண்ணுயிரியல் மருத்துவர்கள், ஆய்வக நுட்புநர்கள்