40 லிட்டர் என்று விற்ற டெயில் பேக்: பணத்தைத் திருப்பித் தாருங்கள்

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இணையதளத்தில் 1,799 ரூபாய்க்கு வாங்கிய, பைக்கின் பின் சீட்டில் கட்டும் டெயில் பேக் பற்றிய புகார் இது. பில், ஆர்டர் விவரம், படங்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். சாட்டில் பேசியவர் 'பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், அதனால்தான் விரிவாக எழுத வேண்டியதாகிவிட்டது.

எனக்குப் பெரிய தேவை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை சேலத்திலிருந்து கிளம்பி ஏற்காடோ கொல்லிமலையோ போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருபவனுக்கு இரண்டு செட் துணி, மழைக்கோட்டு, துண்டு, பஞ்சர் கிட் வைக்க இடம் இருந்தால் போதும், அதற்காகப் பெட்டியும் அதை மாட்ட ஸ்டாண்டும் வாங்கப் பணம் இல்லை. இரண்டு பக்கமும் தொங்கும் சாடில் பேக் சைலன்சரில் பட்டு உருகும் என்பதால் பின் சீட்டில் கட்டுகிற பையாகத் தேடினேன். உங்கள் பக்கத்தில் '40 லிட்டர், முழு வாட்டர் ப்ரூஃப்' என்று போட்டிருந்தீர்கள்.

அதே பக்கத்தில் கீழே அளவு 45 × 30 × 22 செ.மீ. பெருக்கிப் பாருங்கள், 29,700 கன செ.மீ., அதாவது 30 லிட்டர்கூட முழுசாக இல்லை. டேப் வைத்து அளந்தபோதும் அதே அளவுதான் வந்தது. மீதி 10 லிட்டர் எங்கே?

அடுத்தது மழை. துணியில் எனக்குக் குறை இல்லை, 600 டீனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) பாலியஸ்டர், உள்ளே கோட்டிங்கும் இருக்கிறது, இந்த விலைக்கு அது நல்ல துணிதான். தண்ணீர் இறங்கியது தையல் வழியாக. ஊசி போன ஓட்டைகளை உள்பக்கம் டேப் ஒட்டி அடைக்கவே இல்லை, அப்புறம் எப்படி அது வாட்டர் ப்ரூஃப் ஆகும்? கூடக் கொடுத்த ரெயின் கவருக்கும் அடியில் குறுக்குப் பட்டை கிடையாது, வெறும் எலாஸ்டிக், கொஞ்சம் வேகம் எடுத்ததும் காற்று புகுந்து உப்பிக் கழன்றுவிடுகிறது.

இவை இரண்டையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பையை வண்டியோடு கட்டும் பட்டை அறுந்ததைப் பொறுக்க முடியாது. கொல்லிமலையில் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள், அதில் இறங்கும்போது இடது பக்கப் பட்டை தையலோடு பிய்ந்து, பை வலது பக்கம் சரிந்து, அறுந்த நுனி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. பின்னால் வந்த மினி பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்து நிறுத்தினார். படத்தைப் பாருங்கள், அவ்வளவு எடை தாங்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரித் தையல். பள்ளிக்கூடப் பையில்கூடப் பட்டையைச் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டு இறுக்கியிருப்பார்கள். அப்படித் தைக்க அரை அடி நூல் கூடுதலாகச் செலவாகுமா? விலை குறைக்க வேண்டும் என்றால் பாக்கெட்டைக் குறையுங்கள், ரிஃப்ளெக்டரை எடுங்கள், லோகோவை எடுங்கள். பட்டையில் கை வைக்காதீர்கள், சக்கரத்தில் சிக்கினால் போவது ஓட்டுபவன் உயிர்.

விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டியதும் உங்கள் பொறுப்புதான். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணமும் இல்லை.

முழுப் பணமும் வேண்டும், மாற்றுப் பை வேண்டாம். பக்கத்தில் இருக்கும் லிட்டர் கணக்கையும் 'வாட்டர் ப்ரூஃப்' என்பதையும் திருத்துங்கள். இதே பையை வாங்கிய மற்றவர்களுக்குப் பட்டையைப் பற்றி உடனே மெசேஜ் அனுப்புங்கள், இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். பையைத் திருப்பி அனுப்பத் தயாராகக் கட்டி வைத்திருக்கிறேன், கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சேலம்