காம்பியப் பத்திரிகைகளும் பழைய சட்டங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவின் சிறிய நாடுகள் நம் நாளிதழ்களின் அயல்நாட்டுச் செய்திப் பக்கத்தில் இடம்பெறுவது பெரும்பாலும் ராணுவப் புரட்சியோ கொள்ளைநோயோ வரும்போதுதான். அங்கே பத்திரிகை நடத்துவோர் படும் பாடு ஒரு பத்திச் செய்தியாகவும் வருவதில்லை என்ற குறையே காம்பியாவைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது.

யாஹ்யா ஜாமே 1994 ஜூலையில் ராணுவப் புரட்சியின் மூலம் அந்நாட்டின் ஆட்சியைப் பிடித்து, 2017 ஜனவரியில்தான் நாட்டைவிட்டு வெளியேறினார். அவர் காலத்தைப் பற்றிப் பேசுவோர் துப்பாக்கியையும் சிறையையும் சொல்வார்கள். அவற்றோடு சேர்ந்து பத்திரிகைகளின் குரல்வளையை நெரித்தவை முறையாக நிறைவேற்றப்பட்ட சட்டங்கள் என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. 2004 டிசம்பர் 14 அன்று அந்நாட்டு நாடாளுமன்றம் இரண்டு திருத்தங்களுக்கு ஒப்புதல் அளித்தது. அவதூறாகவோ ராஜத்துரோகமாகவோ எழுதியதாகத் தீர்ப்பானால் சிறைத்தண்டனை கட்டாயம் என்றது ஒரு திருத்தம். பத்திரிகை உரிமையாளர் அளிக்க வேண்டிய பிணைத்தொகையை காம்பிய நாணயத்தில் 1 லட்சம் டாலாசியிலிருந்து 5 லட்சம் டாலாசியாக உயர்த்தியது மற்றொன்று. விளம்பர வருவாய் சொற்பமாக இருக்கும் ஒரு சிறிய நாட்டில், பத்திரிகையைத் தொடர வேண்டுமானால் குடியிருக்கும் வீட்டையே ஈடாகக் காட்டவேண்டும் என்ற நிலையை இது உண்டாக்கியது. தணிக்கை அதிகாரி ஒருவரை அமர்த்துவதைவிட இது அரசுக்கு எளிய வழி. எழுதுவதற்கு முன்பே உரிமையாளர் தம் குடும்பத்தை நினைத்துப் பார்த்துக்கொள்வார்.

இச்சட்டங்களை எதிர்த்துப் போராடப் போவதாக அறிவித்தவர் 'தி பாயின்ட்' நாளிதழின் இணை நிறுவனரும் ஆசிரியருமான டேடா ஹைடாரா. டிசம்பர் 16 அன்று, அந்த இதழ் தொடங்கப்பட்டு 13 ஆண்டுகள் நிறைவடைந்த அதே நாளின் இரவில், பெண் ஊழியர் இருவருடன் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். உடன் இருந்த இருவரும் காயமடைந்தனர். 'காலை வணக்கம், அதிபர் அவர்களே' என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிவந்த பத்தி அன்றோடு நின்றுபோனது. அக்கொலையில் தமக்குப் பங்குண்டு என்று ராணுவ அதிகாரி ஒருவர், ஜாமே காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தின் முன் ஒப்புக்கொள்ள 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜாமேயின் கொலைப்படைக்குக் கார் ஓட்டிய ஒருவருக்கு 2023 நவம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோதும், அதை விதித்தது ஜெர்மனியின் செல்லே (Celle) நகர நீதிமன்றம்.

ஹைடாராவுக்குப் பின்னும் இந்த அடக்குமுறை நிற்கவில்லை. 2006 ஜூலையில் கைது செய்யப்பட்ட 'டெய்லி அப்சர்வர்' செய்தியாளர் எப்ரிமா மானே வீடு திரும்பவே இல்லை. அவரை விடுவித்து 1 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்குமாறு மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பின் நீதிமன்றம் 2008இல் ஆணையிட்டும் ஜாமே அரசு அசையவில்லை. சொந்த நாட்டு நீதிமன்றங்களில் வழி அடைபட்ட பத்திரிகையாளர்களும் அவர்தம் குடும்பங்களும் சளைக்காமல் அந்த வட்டார நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதை நான் மிகுந்த மரியாதையுடன் நினைக்கிறேன். அந்த முயற்சியின் பயனாகத்தான், ராஜத்துரோகம், பொய்ச்செய்தி, குற்றவியல் அவதூறு பற்றிய காம்பியச் சட்டங்கள் கருத்துரிமையை மீறுகின்றன என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

அடாமா பாரோ அதிபரான பின் அச்சம் பெருமளவு குறைந்தது என்பதையும், 2021இல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்ததையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் 2024 செப்டம்பரில், அதிபரின் அரசியல் வாரிசு பற்றிய ஒரு செய்திக்காக 'தி வாய்ஸ்' நாளிதழின் ஆசிரியரும் செய்தியாளரும் கைது செய்யப்பட்டனர். ஆட்சியாளர் மாறியபோதே பழைய சட்டப் பிரிவுகளையும் முழுமையாக நீக்கியிருந்தால், ஒரு செய்தியில் பிழை இருக்கிறதா என்ற கேள்வி மறுப்புச் செய்தியோடும் உரிமையியல் வழக்கோடும் முடிந்திருக்கும்; அதற்குக் காவல் நிலையம் தேவைப்பட்டிருக்காது.

அந்நாட்டில் அதிபர் தேர்தல் 2026 டிசம்பருக்குக் குறிக்கப்பட்டுள்ளது. வாக்கு எண்ணிக்கையோடு, அந்த மாதங்களில் அங்குள்ள நாளிதழ்கள் எதை அச்சிட முடிந்தது, யார் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள் என்பதையும் தங்கள் இதழ் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்