அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்ட தங்கச்சிக்கு

தோட்டத்து உறவுகளுக்கு வணக்கம்.

நேற்று கிளினிக்கில் டொக்டர் அம்மாவின் தோள்பட்டையை லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இடம் சுத்தமா இருக்கு" என்றார். கத்தி வைக்காமலே! எனக்கு இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. அம்மாவுக்கு அந்த இடத்தில் வந்தது மேலோட்டமான பேசல் செல் வகைத் தோல் புற்று, வெட்டாமல் கிரீம் பூசித்தான் வைத்தியம் பார்த்தோம். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை.

முதல் நன்றி பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு. பெயர் போட வேண்டாம் என்றாள், போடவில்லை. ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. நான் கொழும்பில் கடையில் நிற்கிறேன். அம்மாவுக்கோ அந்த இடம் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. இமிக்குவிமோட் கிரீமை வாரத்தில் 5 இரவு, 6 வாரம் பூச வேண்டும், காலையில் கழுவிவிட வேண்டும். யாரும் கேட்காமலே, இரவில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வந்து பூசிவிட்டாள். சனிக்கிழமைகளில் அம்மாவை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றியைப் பிடித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். "காசு அளவு மாறாதுதானே அண்ணா, புண் பெருக்குதா சுருங்குதான்னு தெரியும்" என்றாள். நேற்று டொக்டர் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, யார் எடுத்தது என்று கேட்டார்.

இடையில் அந்த இடம் செக்கச்செவேலென்று சிவந்து பொருக்குத் தட்டியபோது லயமே பயந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்து என்றார்கள். அவள்தான் கிளினிக் மிஸ்ஸிக்கு, அதாவது நர்ஸுக்கு, போன் எடுத்துக் கேட்டாள். அந்தக் கிரீம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டுத்தான் புற்றைத் தாக்க வைக்கிறது, அதனால்தான் சிவக்கிறது, தாங்க முடியாவிட்டால் மட்டும் சில நாள் விட்டுப் பூசலாம் என்று மிஸ்ஸி சொன்னதை அம்மாவுக்குப் புரியும்வரை சொல்லியிருக்கிறாள். அன்று நிறுத்தியிருந்தால் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

அப்புறம், சந்தேகப்பட்டு உடனே கண்டிக்கு அனுப்பிய தோட்ட டிஸ்பென்சரி ஐயா, கடை கடையாக ஏறி கிரீம் வாங்கித் தந்த கூட்டாளிகள், சீட்டுக் காசை முன்கூட்டியே விட்டுத்தந்த அக்காமார், விடியக்காலையில் ஆட்டோ எடுத்த மாமா, எல்லோருக்கும் கோடி நன்றி.

கண்காணிப்பு இனிமேல்தான் முக்கியம். வெட்டி எடுப்பது கிரீமைவிட உறுதியான வழி. கிரீம் பூசியவர்களில் 5 வருடம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு எண்பது பேருக்குத்தான் திரும்ப வராமல் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு மாதமும் வந்து அம்மாவின் தோலை நானே பார்ப்பேன், கிளினிக் தவறவிட மாட்டேன். நம் மலையில் குளிருக்கு வெயில் உறைப்பதில்லை, ஆனால் உயரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் கூடுகிறது. வாரக்கணக்கில் ஆறாத புண்ணோ, தொட்டால் இரத்தம் கசிகிற இடமோ யாருக்காவது இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், கூட்டிப்போக நான் வருகிறேன்.

தங்கச்சி, பரீட்சை முடியும்வரை உன் டியூஷன் காசு என் பொறுப்பு. மறுக்காதே, உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.