‘வாயைக் கட்டு’ என்று சொல்லும் முன்

கம்பம் பள்ளத்தாக்கின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம். உடல் பருத்தவர் சர்க்கரை பார்க்க வந்தால் நாம் சொல்லும் முதல் வார்த்தை ‘வாயைக் கட்டு’. அவர்களில் சிலருக்கு இருப்பது உணவுக் கோளாறு. கட்டக் கட்ட அது முற்றும்.

எடை குறையட்டும் என்று விடியற்காலையில் வெறும் டீயோடு ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறுகிறார் ஒருவர். மதியம் தூக்குச்சட்டியில் பாதி மிச்சம். இரவு எல்லோரும் படுத்தபின் மீந்த சோறு, குழம்பு, குமுளியில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் அரை மணி நேரத்தில் காலி. பாக்கெட் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளிகிறது. விடிந்தால் வெட்கம், மறுபடி வெறும் டீ. பகல் பட்டினிதான் ராத்திரிப் பசியைக் கிளப்பிவிடுகிறது. நாக்கு ருசி என்று அதை ஏசிப் பயனில்லை.

இதை 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் ‘பெருந்தீனிக் கோளாறு’ (binge eating disorder) என்று தனி நோயாகவே வகைப்படுத்திவிட்டது. வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம், கட்டுப்பாடு கைநழுவிப் பெருமளவு தின்பது அளவுகோல். ஆகவே ‘என்ன சாப்பிடுறீங்க?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘நிறுத்தணும்னு நினைச்சும் கை நிக்காம சாப்பிட்டது உண்டாம்மா? யாரும் பாக்காத நேரத்துலயா?’ என்று தனியாகக் கேளுங்கள். வாந்தி எடுப்பதும் பேதி மாத்திரை போடுவதும் உண்டா என்றும் கேட்க வேண்டும். இரண்டுமே பொட்டாசியத்தை இறக்கி இதயத் துடிப்பைக் குழப்பும். சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவிர்ப்பவருக்கு வரும் வேர்வை, நடுக்கம், அகோரப் பசி வேறு கதை. அது சர்க்கரை தாழ்ந்த பசி. உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

முதல் வேலை பட்டினியை உடைப்பது. காலை 6 மணிக்கு இட்லி, 9.30-க்குச் சுண்டல், 1 மணிக்குச் சோறு, 4.30-க்கு ஒரு கைப்பிடி கடலை, இரவு 8-க்குச் சாப்பாடு. இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நோட்டில் நேரம், தின்றது, அப்போதைய மனநிலை மூன்றும் போதும். கலோரிக் கணக்கு வேண்டாம். பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் 2017 வழிகாட்டுதல் பெருந்தீனிக் கோளாறுக்கு முதல் சிகிச்சையாகச் சொல்வது, வழிகாட்டுதலோடு கூடிய சுயஉதவிப் பயிற்சி: 16 வாரத்தில் நான்கு முதல் ஒன்பது முறை, தலா 20 நிமிடம். எடை இதில் பெரிதாகக் குறையாது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாம் வாரமே நின்றுவிடுவார்கள்.

சில மாதத்தில் 92 கிலோவிலிருந்து 70-க்கு வந்தவரை ‘சபாஷ்’ என்று தட்டிக்கொடுக்கும் முன் நாடியைப் பிடியுங்கள். துடிப்பு 50-க்குக் கீழே, எழுந்தால் தலைசுற்றல், நின்றுபோன மாதவிடாய் என்றால், பருத்த உடம்பிலும் அது பட்டினி நோய்தான் (அனோரெக்சியா). தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே அனுப்புங்கள். மனம் விட்டுப் பேச ஆள் தேடுவோருக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலிமானஸ், எண் 14416.

ஒரு வேண்டுகோள். எடைக் கருவியை வரிசைக்கு நடுவிலிருந்து எடுத்துத் திரைக்குப் பின்னால் வையுங்கள். எண்ணைச் சீட்டில் எழுதினால் போதும். உரக்கக் கூவ வேண்டாம்.