பிரிவினை 1791-ல் முடிந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1791-ன் முதல் சட்டத்திருத்தத்தோடு மதமும் அரசும் பிரிந்தன, அதனால் பக்தி பெருகியது, பக்தி தந்த உழைப்பால் செல்வம் பெருகியது என்று கட்டுரை அடுக்கிக்கொண்டு போகிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் படியே தவறு.

மதத்தைப் பொறுத்தவரை, ஒரு மதத்தை அரசு மதமாக நிறுவவோ மத வழிபாட்டைத் தடுக்கவோ நாடாளுமன்றம் சட்டம் இயற்றக் கூடாது என்பதோடு அந்தத் திருத்தம் நின்றுகொண்டது. மாநிலங்களை அது தொடவே இல்லை. வர்ஜீனியா தன் சொந்தச் சட்டத்தால் 1786-லேயே மதத்தையும் அரசையும் பிரித்துவிட்டது. ஆனால் கனெக்டிகட் 1818 வரை, நியூ ஹாம்ப்ஷயர் 1819 வரை, மாசசூசெட்ஸ் 1833 வரை போதகர் சம்பளத்துக்கு மக்களிடம் வரி தண்டின.

அந்த வரி எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் அன்றைய சண்டை புரியும். மாசசூசெட்ஸின் 1780 அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, ஒவ்வோர் ஊரும் தன் செலவில் புராட்டஸ்டண்ட் போதகர் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. பெரும்பாலான ஊர்களில் பெரும்பான்மையினர் காங்கிரகேஷனல் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவின் சபையார். ஆகவே போதகரும் அவர்களுடையவர். வேறு புராட்டஸ்டண்ட் பிரிவினரான பாப்டிஸ்ட்டோ மெதடிஸ்ட்டோ தன் பங்கைத் தன் போதகருக்குத் திருப்பிவிடச் சொல்லலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் முதலில் வரியைக் கட்டியாக வேண்டும், பிறகுதான் கேட்க முடியும். 1810-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், சட்டப்படி பதிவு பெற்ற சபையின் போதகருக்கு மட்டுமே அந்தப் பணம் போகும் என்று தீர்ப்பளித்தது. பதிவே இல்லாமல் களஞ்சியங்களிலும் வீடுகளிலும் கூடிக்கொண்டிருந்த சிறு சபைகளுக்கு அது பேரிடி. அடுத்த ஆண்டே சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டுத்தான் அதைச் சரிசெய்தது.

கனெக்டிகட்டில் வேறு முறை. வேறு சபைக்காரர் சான்றுச்சீட்டு கொடுத்தால் வரிவிலக்கு. 1791 மே மாதம் வந்த சட்டப்படி அந்தச் சீட்டில் இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட வேண்டும். அந்த நீதிபதிகளோ பெரும்பாலும் காங்கிரகேஷனல் சபையார். எதிர்ப்பு கிளம்பியதால் அக்டோபரிலேயே அதைக் கைவிட்டு, அவரவரே எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். ஆனாலும் நான் எந்தக் கோயிலுக்குப் போகிறேன் என்று அரசுக்கு ஏன் எழுதித் தர வேண்டும் என்ற கேள்வி அடங்கவில்லை. அந்த மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட்டுகள் 1801-ல் அன்றைய அதிபர் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதியது இந்த மனக்குறையால்தான். மதத்துக்கும் அரசுக்கும் நடுவே மதில் என்று அவர் பதில் எழுதிய நாள் 1802 ஜனவரி 1.

அதே நாளில் ஜெஃபர்சனின் வாசலுக்கு 1,235 பவுண்டு, அதாவது சுமார் 560 கிலோ எடையுள்ள ஒரே பாலாடைக்கட்டி வந்து சேர்ந்தது. மாசசூசெட்ஸின் செஷையர் ஊர்க் குடியானவர்கள் அதை ஆப்பிள் சாறு பிழியும் ஆலையில் அழுத்திச் செய்திருந்தார்கள். கொண்டுவந்தவர் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர். ஜெஃபர்சன் அதை இலவசமாக வாங்கிக்கொள்ளாமல் 200 டாலர் கொடுத்தார். மதிலை முதலில் கேட்டவர்கள் பக்தர்களே என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. கட்டுரையில் லேலண்டின் பெயர்கூட இல்லாதது வருத்தம் தருகிறது.

கனெக்டிகட்டில் அந்த வரி ஏற்பாட்டைச் சாய்த்ததில் ஒரு வங்கிக்கும் பங்கு உண்டு. 1814-ல் ஹார்ட்ஃபோர்டில் ஃபீனிக்ஸ் வங்கிக்கு உரிமம் கேட்டவர்கள், அதற்கு ஈடாக மாநிலத்துக்கு 50,000 டாலர் தர முன்வந்தார்கள். அதில் ஒரு பகுதி யேல் கல்லூரியின் மருத்துவப் பிரிவுக்கும் ஒரு பகுதி எபிஸ்கோபல் சபையின் ஆயர் நிதிக்கும் போகும் என்பது எதிர்பார்ப்பு. யேலுக்கு 20,000 டாலர் கிடைத்தது. ஆயர் நிதிக்கு ஒன்றும் இல்லை. வசதிபடைத்த எபிஸ்கோபல் சபையார் அதுவரை ஆளுங்கட்சியான ஃபெடரலிஸ்டுகளோடு இருந்தவர்கள். கசந்துபோய் எதிரணியில் சேர்ந்தார்கள். 1817-ல் அந்த எதிரணியின் ஆலிவர் வால்காட் ஆளுநரானார், மறு ஆண்டே வரியை ஒழித்த புதிய அரசியல் சட்டம் வந்தது. கொள்கையால் மட்டுமே ஆட்சி மாறியது என்று எழுதுவது அன்றைய மனிதர்களை அறியாமல் எழுதுவது.

வரி போனபோது உலகமே இடிந்துவிட்டதாக வருந்திய போதகர் லைமன் பீச்சர், பிற்பாடு கனெக்டிகட்டுக்கு அதைவிட நல்லது நடந்ததில்லை என்றார். வரிப்பணம் நின்றதும் சபைகள் நன்கொடையில் நிற்கப் பழகின. தன்னார்வச் சங்கங்களும் பெருகின. வரி நிற்கும் முன்பே தோன்றிய அத்தகைய சங்கமும் உண்டு: அது 1810-ல் மாசசூசெட்ஸில் தோன்றி, 1816-ல் யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிகளை அனுப்பியது. வட்டுக்கோட்டை செமினரியை 1823-ல் தொடங்கியவர்கள் இவர்கள்தான்.

பக்தியால் செல்வம் என்ற அடுத்த படிக்கு, நியூயார்க் மாநிலத்தில் ஈரி கால்வாய்க் கரையில் உள்ள ராச்செஸ்டர் ஊரைப் பாருங்கள். 1825-ல் முடிந்த ஈரி கால்வாய்க்கு அந்த மாநிலம் கடன் பத்திரம் விற்று சுமார் 70 லட்சம் டாலர் செலவிட்டது. 1820-ல் 1,500 பேர் இருந்த ராச்செஸ்டர் பத்தே ஆண்டில் 9,000-ஐத் தாண்டியது. போதகர் சார்லஸ் ஃபின்னி மக்களின் பக்தியைத் தூண்டிய புகழ்பெற்ற எழுப்புதல் கூட்டங்கள் அங்கே நடந்தது 1830 செப்டம்பருக்குப் பிறகு. கால்வாயும் மாவாலைகளும் முன்னே வந்தன.

வணிகமும் பக்தியும் நேருக்கு நேர் மோதிய இடம் தபால் நிலையம். பென்சில்வேனியாவின் வாஷிங்டன் ஊரில் ஹ்யூ வைலி போஸ்ட்மாஸ்டர். பிரஸ்பிட்டேரியன் சபையின் மூப்பரும்கூட. ஆராதனைக்கு வரும் சுற்றுவட்டாரத்தார் அப்படியே கடிதத்தையும் வாங்கிப்போக வசதியாக ஞாயிற்றுக்கிழமையும் தபால் நிலையத்தைத் திறந்தார். ஞாயிறு வேலை செய்யக் கூடாத புனித நாள் என்று கருதிய சபை, அவருக்குத் திருவிருந்தை (ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் சடங்கை) மறுத்தது. 1810-ல் நாடாளுமன்றம் எதிர்த்திசையில் போய், வாரத்தின் எல்லா நாளும் கேட்டவருக்குத் தபால் தர வேண்டும் என்று சட்டமியற்றியது. ஞாயிறன்று தபால் வந்தால், பிரித்து முடித்தபின் ஒரு மணி நேரம் திறந்திருக்க வேண்டும். ஆராதனை வேளையில் வந்தால், ஆராதனை முடிந்தபின் ஒரு மணி நேரம். இதை எதிர்த்து மனுக்கள் குவிந்தன. 1828-ல் பீச்சர் முதலானோர் அதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். ராச்செஸ்டரின் ஜோசையா பிசெல் ஞாயிறு ஓடாத குதிரைவண்டி நிறுவனம் தொடங்கினார். தபால் ஒப்பந்தம் கிடைக்காமல் அது நொடித்தது. எந்த நாள் புனிதம் என்று அரசு தீர்மானிக்க முடியாது என்று 1829 ஜனவரியில் செனட்டர் ரிச்சர்ட் ஜான்சனின் அறிக்கை மனுக்களைத் தள்ளியது. வணிகர்களின் கணக்கு எளியது: அரசுத் தபால் ஒரு நாள் நின்றால், பணமுள்ளவன் தனிக்குதிரை விட்டு விலைச் செய்தியை முந்திக்கொள்வான். 1790-ல் 75 ஆக இருந்த தபால் நிலையங்கள் 1830-ல் 8,450 ஆகியிருந்த நாட்டில் அது சின்ன விஷயம் அல்ல.

கடைசியாக, கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன அடிமைமுறை. ஓர் அடிமையின் உதவியும் இல்லாமல் செய்த பாலாடைக்கட்டி என்று செஷையர் மக்கள் தங்கள் மடலில் எழுதினார்கள். அதைப் பெற்றவர் அடிமைகளை வைத்திருந்தவர். மெதடிஸ்ட் சபை 1784 டிசம்பரில் பால்டிமோரில் கூடி, அடிமை வைத்திருப்போர் 12 மாதத்துக்குள் விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும் என்று விதித்தது. ஆறே மாதத்தில் விதி நிறுத்திவைக்கப்பட்டது. 1793-ல் பருத்தி அரவை இயந்திரம் வந்தது, அடிமைகளைக் கொண்டு செய்த பருத்திச் சாகுபடி பெருகியது. 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1830-ல் 20 லட்சம். அந்தப் பருத்தியை விட்டுவிட்டு அந்நாட்டின் வளர்ச்சியைப் பேசவே முடியாது. கட்டுரை தொடரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் அந்த ஆறு மாதங்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாசகர், மதுரை