குடத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு கடிதம்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை உறவுகள் எல்லோருக்கும்,

வணக்கம். மதுரைக்குத் திரும்பி ஒன்பது நாளாகிறது. துணிகளில் ஒட்டியிருந்த மணல்கூட இன்னும் முழுசாகப் போகவில்லை. நேற்று சாயங்காலம் வேனைக் கழுவும்போது கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பொருள் வெளியே வந்தது. அதைப் பார்த்ததும், இனிமேல் இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். அது என்ன பொருள் என்று பிறகு சொல்கிறேன்.

நாங்கள் 21 பேர், இரண்டு வேன், நான்கு நாள். கடலோரப் பூங்காக்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டு, படம் வரைதல், கைப்பாவைக் கதை, கொஞ்சம் சுகாதாரப் பாடம். எங்கள் சபையின் சிறுவர் ஊழியம் என்று நோட்டீஸ் அடித்துக் காணிக்கை பிரித்துத்தான் வந்தோம். அங்கே உண்மையில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காணிக்கை கொடுத்த எங்கள் சபையாருக்கும் தெரியட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. "எம் பேரெல்லாம் எதுக்கு டீச்சர்" என்று பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரிடம் பெயரே கேட்காமல் வந்துவிட்டோம். அது எங்கள் தப்பு.

முதல் நன்றி பூங்காக் காவலர் ஐயாவுக்கு. அனுமதிக் கடிதத்தில் தேதியைத் தப்பாக அடித்துக்கொண்டு வந்தது நாங்கள். பூட்டிய கேட்டுக்கு வெளியே அறுபது எழுபது பிள்ளைகள், உள்ளே அவர். சட்டம் பேசியிருக்கலாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார், யாருக்கோ போன் போட்டார், அரை மணி நேரத்தில் திறந்துவிட்டார். அதோடு விடவில்லை. மறுநாள் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஊஞ்சலுக்குக் கீழே கிடந்த கருவேல முள்ளையெல்லாம் கூட்டி ஒதுக்கியிருந்தார். அப்படியும் ஒரு பையனுக்கு வேலி ஓரத்தில் முள் ஏறிவிட்டது. அதை எடுத்து, ஊசி போட்டு, அழாமல் இருந்ததற்காக அவனுக்கு ஒரு மிட்டாயும் கொடுத்த நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. சீட்டு எழுதக்கூட நிற்க வைக்காமல் முதலில் காலைப் பார்த்தார்.

அப்புறம் பந்தல். மே மாதம் கச்சான் காற்று என்ன செய்யும் என்று மதுரைக்காரர்களுக்கு என்ன தெரியும்? பெரிய தார்ப்பாயை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டி, சொந்தமாக நிழல் உண்டாக்கிவிட்ட பெருமையில் நின்றோம். பத்து மணிக்கு ஒரு மூலை அவிழ்ந்தது. பத்தேகாலுக்குத் தார்ப்பாய் முழுசும் வேலியைத் தாண்டிப் போய்விட்டது. அதன் பின்னாலேயே எங்கள் வாலிபர்கள் நான்கு பேர் ஓடினார்கள். பிள்ளைகளுக்கு அன்றைக்கு நாங்கள் காட்டியதிலேயே நல்ல வேடிக்கை அதுதான்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு அண்ணன்மார் கரையில் இருந்தீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நிவாரணமாக வரும் 8,000 ரூபாயை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று அதே மரத்தடியில்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள். எங்கள் பந்தல் பறந்ததும் பேச்சை விட்டுவிட்டு எழுந்து வந்தீர்கள். "பாயை விரிச்சு வச்சுட்டு நில்லுன்னா எப்படிம்மா நிக்கும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. எந்தப் பாய்? பிறகுதான் உறைத்தது, கப்பல் பாய். துணி காற்றைப் பிடிக்கும், ஓலை விடும், வலை இன்னும் விடும். கிடுகைப் பரப்பி, அதன் மேல் பழைய வலையைப் போர்த்தி, ஒரு மணி நேரத்தில் கட்டி முடித்துவிட்டீர்கள். நான்கு நாளும் அது அசையவில்லை. கடைசி நாள் அவிழ்க்கப் போனபோது எங்கள் பையன்கள் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று வந்து ஒரு நுனியை மட்டும் சுண்டி இழுத்தது. மொத்தமும் கழன்று விழுந்தது. அந்த முடிச்சைக் கற்றுக்கொள்ளாமல் வேனில் ஏற மாட்டேன் என்று ஒருவன் அடம்பிடித்ததால் கிளம்ப இருபது நிமிடம் தாமதம்.

பந்தல் கட்டி முடித்த கையோடு அதே பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தாயி, நேராக் கேக்குறேன். பிள்ளைகளை மதம் மாத்தவா வந்திருக்கீங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அவர் கேட்டிருக்காவிட்டால் நான்கு நாளும் அது எல்லோர் மனதிலும் கிடந்து உறுத்தியிருக்கும். பூங்கா எல்லோருக்கும் பொது, அங்கே விளையாட்டு மட்டும்தான். வேதாகமக் கதை, பாட்டு, ஜெபம் எல்லாம் சாயங்காலம் கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில், அதுவும் பெற்றோர் கூட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று, வரும்போதே நாங்கள் முடிவு செய்திருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். "சரி, சொன்னதைக் காப்பாத்துங்க" என்றார். மறுநாள் தன் பேத்திகள் இரண்டு பேரைத் தானே கொண்டுவந்து விட்டுப் போனார். ஐயா, எங்களுக்குக் கிடைத்த சான்றிதழ்களிலேயே பெரியது அது. சாயங்காலக் கூட்டத்துக்கு இடம் கொடுத்த பங்குத்தந்தைக்கும் இந்த இடத்திலேயே நன்றி. நாங்கள் வேறு சபை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மின்விசிறி சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டுப் போனார்.

பிள்ளைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் முடியாது. இரண்டு விஷயம் மட்டும்.

இரண்டு பேர் கைகோத்து வளைவு போல நிற்க, மற்றவர்கள் அடியில் குனிந்து ஓடும் விளையாட்டை எங்கள் தங்கச்சிமார் சொல்லிக்கொடுத்தார்கள். பாம்பன் பிள்ளைகள் அதை உடனே பாலமாக்கிவிட்டார்கள். ஓடுகிறவர்கள் போட். போட் வந்தால் பாலம் திறக்கவேண்டும். எங்கள் பெண் ஒருத்தி கோத்த கையை விலக்கி இரண்டு பக்கமும் தூக்கினாள். "அது பழைய பாலம்க்கா, ரெண்டாப் பிரியும். புதுசு நேரா மேல போகும்" என்று ஒருவன் திருத்தினான். 1914-இலிருந்து நின்ற பாலம் ஒரு மாதிரி, 2025 ஏப்ரலில் திறந்த பாலம் வேறு மாதிரி. கோத்த கை பிரியாமல் தலைக்கு மேலே அப்படியே எழும்ப வேண்டும். இன்னொருவன் 'ரயில் வருது' என்று கத்தினால் உடனே இறங்கவேண்டும், அடியில் மாட்டிய போட் அவுட். மதுரையில் எங்கள் ஞாயிறு பள்ளியில் இப்போது இந்த விளையாட்டுதான் ஓடுகிறது.

இன்னொன்று, பாவமன்னிப்பு மாதிரி சொல்லவேண்டியது. பிடித்த மிருகத்தை வரையச் சொன்னோம். யானை, புலி, முயல் வரும் என்று நினைத்திருந்தோம். தங்கச்சிமடத்துச் சிறுமி ஒருத்தி சாம்பல் நிறத்தில் உருண்டையாக எதையோ வரைந்திருந்தாள். எங்கள் தன்னார்வலர் குனிந்து, "பன்னிக்குட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டார். அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆவுளியா" என்றாள். கடற்பசு. அவளுடைய தாத்தா கடலில் பார்த்திருக்கிறாராம், குட்டியோடு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல் பக்கம் 2022-இல் அதற்கென்று தனிக் காப்பகமே அறிவித்திருக்கிறார்கள் என்று செய்தித்தாளில் படித்தவள்தான் நான். ஆனால் படத்தைப் பார்த்து எனக்கும் தெரியவில்லை. பிள்ளையிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டோம். படத்தைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதுவும் நியாயம்தான்.

சாயங்காலக் கூட்டத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இயேசு படகில் தூங்கும்போது புயல் வந்த கதையை எங்கள் கல்லூரித் தம்பி படித்துக்கொண்டிருந்தான். அவர் 'பின்னணியத்தில்' தூங்கினார் என்று வரும். எங்கள் ஊரில் அந்த வார்த்தையை யாரும் நின்று யோசிப்பதில்லை, அப்படியே கடந்து போய்விடுவோம். அன்றைக்கு முன்வரிசையில் இருந்த பையன் கையைத் தூக்கி, "அங்க படுத்தா தூக்கிப் போடாது, அணியத்துல படுத்திருந்தாத்தான் அடி வாங்கியிருப்பாரு" என்றான். அணியம் என்றால் படகின் முன்பக்கம், பின்னணியம் என்றால் பின்பக்கம் என்று அவன் சொல்லித்தான் எங்களில் பலருக்குத் தெரியும். முப்பது வருஷமாக இந்தக் கதையை நான் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

கீழக்கரையில் ஒரு நாள்தான் இருந்தோம். கடைக்காரக் காக்கா ஒருவர் (அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணன் காக்கா, அக்கா லாத்தா) எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓலைப்பெட்டியில் தொதல் என்ற இனிப்பைக் கொடுத்தனுப்பினார். 21 பேருக்கும் சேர்த்து. விரல் எல்லாம் ஒட்டிக்கொண்டு, கிரேயான் பிடிக்க முடியாமல் ஒரு மணி நேரம் போனது. அந்த ஒரு மணி நேரத்துக்கும் நன்றி.

இப்போது தண்ணீர்.

எங்கள் திட்டத்தில் 'கை கழுவும் முறை' என்று ஒரு பாடம் இருந்தது. பூங்காவின் ஓரக் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு என்று மெதுவாகச் செய்துகாட்ட வேண்டும். எங்கள் ஆள் செய்துகாட்டிக்கொண்டிருக்கும்போதே ஆறு வயது இருக்கும் ஒரு பாப்பா எட்டிக் குழாயை மூடினாள். அவர் மறுபடி திறந்தார். மறுபடி மூடினாள். "தண்ணி போகுது மாமா." கோபமில்லை, தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் குரல். அதற்குப் பிறகு ஒரு செம்புத் தண்ணீரில் பத்துப் பேர் எப்படிக் கை கழுவுவது என்று பிள்ளைகள்தான் எங்களுக்குக் காட்டினார்கள். ஒருத்தி ஊற்ற, மற்றவர்கள் வரிசையில் வர, வழிந்த தண்ணீர் வேப்பங்கன்றின் அடியில் விழுகிற மாதிரி நின்றுகொண்டு.

மூன்றாம் நாள் கேன் தண்ணீர் வண்டி வரவில்லை. காசு முன்னாலேயே கொடுத்திருந்தோம். அது எங்களுக்கும் அந்த வண்டிக்காரருக்கும் உள்ள கணக்கு, இங்கே வேண்டாம். பதினொரு மணி வெயில், நூறுக்குக் குறையாத பிள்ளைகள், கையில் ஒரு கேன்கூட இல்லை. நான் போனை வைத்துக்கொண்டு கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அக்கா வந்தார். தள்ளுவண்டியில் எட்டுக் குடம். உங்கள் மாவட்டத்துக்கு வெளியே அந்த வண்டியை நான் அதிகம் பார்த்ததில்லை. இரும்புச் சட்டத்தில் வட்ட வட்டமாக வளையம், ஒவ்வொரு வளையத்திலும் ஒரு குடம் கச்சிதமாக உட்காரும். எந்தக் குடம் யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றின் கழுத்திலும் நகப்பூச்சில் ஓர் அடையாளம்: புள்ளி, கோடு, சிலுவை, பிறை.

காலையில் குழாயடியில் வரிசை நின்று பிடித்த தண்ணீர். அவர் வீட்டுக்கும் பக்கத்து மூன்று வீட்டுக்கும் அன்றைக்கு உள்ள மொத்தத் தண்ணீரும் அதுதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. வண்டியை நிழலில் நிறுத்தினார். சேலைத் தலைப்பை மடித்து ஒரு குடத்தின் வாயில் கட்டி வடிகட்டி ஊற்ற ஆரம்பித்தார். பிள்ளைகள் தள்ளாமல், முண்டாமல், கையில் ஒரு டம்ளரோடு வரிசையில் வந்தார்கள். மிச்சம் வைத்தவனைத் திரும்பக் கூப்பிட்டுக் குடிக்க வைத்தார். அரை மணி நேரத்தில் எட்டுக் குடமும் காலி. பணம் நீட்டினேன். தப்பு செய்துவிட்டேன் என்று நீட்டிய பிறகுதான் தெரிந்தது. அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. "குடத்த மட்டும் பத்திரமா வச்சிருங்க டீச்சர், ரெண்டு இரவல் குடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் மறுபடி வண்டியோடு வந்து குடங்களை எடுத்துக்கொண்டார். அந்த நேரம் நான் கூட்டத்துக்கான சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தேன், சரியாக நின்று பேசக்கூட இல்லை. அன்று ராத்திரி அந்த நான்கு வீட்டில் எதை வைத்துச் சமைத்தார்கள் என்ற கேள்வி மண்டபம் தாண்டும்போதுதான் எனக்கு வந்தது. வந்தபோது வேன் ராமநாதபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

அக்கா, வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் கிடைத்தது உங்கள் குடம். பாவைப் பெட்டிகளுக்கு நடுவில் எப்படியோ ஏறிவிட்டது. நீல பிளாஸ்டிக் குடம், கழுத்தில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பிறை. அப்படியென்றால் அது உங்களுடையது இல்லை, இரவல் வாங்கிய இரண்டில் ஒன்று. இந்த ஒன்பது நாளும் அந்த வீட்டுக்கு நீங்கள் என்ன பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ, நினைத்தாலே கூசுகிறது. அந்த வீட்டு லாத்தாவிடம் தப்பு எங்களுடையது என்று சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை எங்கள் டிரைவர் அண்ணன் ராமேஸ்வரம் சவாரி வருகிறார். நான்கு நாளும் ராத்திரி கொசுக்கடியில் வேனிலேயே படுத்துக்கொண்ட அவருக்கும் இந்தக் கடிதத்தில் ஒரு நன்றி உண்டு. குடத்தை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், காலை பத்து மணிக்குள் பூங்காக் காவலர் ஐயாவிடம் வந்துவிடும். இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று என் அம்மா சொல்வார். மதுரையிலிருந்து தண்ணீரா நிரப்பி அனுப்ப முடியும்? உள்ளே ஈரத்துணியில் சுற்றி மல்லிகை வைத்திருக்கிறேன், எட்டு முழம். வெயில் ஏறுவதற்குள் பிரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் 'டீச்சர்',
சபையின் சிறுவர் ஊழியக் குழு, மதுரை